கப்பலில் கொடுத்த டெபிட் கார்டு: பில் கட்டிய பிறகும் பணம் முடங்கிக் கிடக்கிறது, என்ன செய்யலாம்?

திருப்பாலை மதுரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படித்துவிட்டு விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். 20ஆம் தேதிக்குள் பையனுக்குப் பள்ளிக் கட்டணம் 38,000 ரூபாய் கட்டியாக வேண்டும். கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை.

போன வாரம் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பலில் போனோம். மரினா பே முனையத்தில் ஏறும்போதே கார்டு கேட்டார்கள். என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது, சம்பளக் கணக்கின் டெபிட் கார்டைக் கொடுத்தேன். கப்பலுக்குள் எந்தக் கடையிலும் காசு வாங்குவதில்லை, கேபினைத் திறக்கும் அட்டையையே நீட்ட வேண்டும், எல்லாம் நம் கணக்கில் அமெரிக்க டாலரில் ஏறிக்கொண்டே இருக்கும், கடைசியில் மொத்தமாகக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இது எனக்கு முன்பே தெரியும்.

தெரியாதது அடுத்த நாள் காலையில் நடந்தது. நீச்சல் குளத்துப் பக்கம் மகள் மாம்பழ ஜூஸ் கேட்டாள். பணியாளர் தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு அட்டையை மிஷினில் வைத்தார், சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார், மறுபடியும் சிவப்பு. அவர் ரொம்பத் தன்மையாக "பாப்பா குடிக்கட்டும், நீங்கள் கீழே ஐந்தாம் தளத்தில் போய்க் கேளுங்கள்" என்று சொன்னார். பாப்பா தம்ளரை வாயில் வைக்கலாமா கூடாதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கேபினுக்கு வந்தால் கதவில் ஒரு உறை செருகியிருக்கிறது, உங்கள் கார்டு மறுக்கப்பட்டது, கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று.

மதியம் பினாங்கு துறைமுகத்தில் போனில் சிக்னல் கிடைத்ததும் ஒரே நேரத்தில் ஏழு எஸ்எம்எஸ் வந்து விழுந்தன, எல்லாம் வங்கியிலிருந்து. வங்கிச் செயலியைத் திறந்து கார்டின் ஒரு நாள் வெளிநாட்டுச் செலவு வரம்பை 40,000லிருந்து ஒரு லட்சமாக ஏற்றினேன், கப்பலில் மறுபடி போட்டுப் பார்த்தார்கள், சரியாகிவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போது ஊருக்கு வந்து கணக்கைப் பார்த்தால் முதல் நாள் 300 டாலர், அப்புறம் 180, அப்புறம் 220, ஆக 700 டாலர் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 61,000 ரூபாய். அது போக உண்மையான பில் 512 டாலர் தனியாக 46,384 ரூபாய் என்று எடுத்தாகிவிட்டது. கணக்கில் 1,20,000 வைத்திருந்தேன், இப்போது 12,600 சொச்சம்தான் எடுக்க முடிகிறது. வங்கிக் கிளையில் கேட்டால் கப்பல்காரர்களிடம் கேளுங்கள் என்கிறார்கள், கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் வங்கியிடம் கேளுங்கள் என்று பதில் வருகிறது. அந்த 61,000 திரும்ப வருமா வராதா? வரும் என்றால் எப்போது? அடுத்த மாதம் அப்பா அம்மாவையும் இதேபோல ஒரு கப்பலுக்கு அனுப்ப டிக்கெட் எடுத்துவிட்டேன், அவர்களிடம் எதைக் கொடுத்து அனுப்புவது என்றே புரியவில்லை.

கவுண்டர் நாலு எழுதியது:

வங்கியில் கார்டு பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். முதலில் நிம்மதியாகச் சாப்பிடுங்கள், அந்த 61,000 எங்கேயும் போகவில்லை. அது கப்பல்காரர் கைக்கும் போகவில்லை, உங்கள் கணக்கிலேயேதான் இருக்கிறது, வங்கி அதன்மேல் கை வைத்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஹோட்டல், வாடகை கார், கப்பல் இந்த மூன்றிலும் கடைசிப் பில் எவ்வளவு என்று முதலில் தெரியாது என்பதால் உத்தேசமாக ஒரு தொகையை ஹோல்டு போட, அதாவது பிடித்து வைக்க, அனுமதி உண்டு. கடைசிப் பில், ஹோல்டுக்கு வங்கி சம்மதித்தபோது கொடுத்த ஆறு இலக்க ஒப்புதல் எண்ணோடு வந்தால் எங்கள் சிஸ்டம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஹோல்டை எடுத்துவிடும். உங்கள் விஷயத்தில் ஒப்புதல் மூன்று, பில் ஒன்று, தொகையும் எதோடும் ஒத்துப்போகவில்லை. அதனால் சிஸ்டம் இதைப் புதுச் செலவு என்று எடுத்துக்கொண்டு பழைய மூன்றையும் அப்படியே விட்டுவிட்டது. காலாவதி ஆனால் தானாகவே விழுந்துவிடும், ஆனால் இந்த வகை வியாபாரத்துக்கு அது ஒரு மாதம் வரை இழுக்கும். உங்களுக்கு 20ஆம் தேதி வேண்டும் என்பதால் காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். கப்பல் நிறுவனத்துக்கு "பணம் திரும்ப வேண்டும்" என்று எழுதாதீர்கள், அந்த 61,000ஐ அவர்கள் வாங்கவே இல்லை, அதனால்தான் வங்கியைக் கை காட்டுகிறார்கள். "பில் முழுவதும் தீர்ந்துவிட்டது, கீழ்க்கண்ட மூன்று ஒப்புதல்களையும் விடுவிக்கச் சம்மதம்" என்று உங்கள் வங்கிக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேளுங்கள். மூன்று தேதி, மூன்று தொகை, மூன்று ஒப்புதல் எண், கார்டின் கடைசி நாலு எண், கேபின் எண் எல்லாம் அதில் வர வேண்டும். ஒப்புதல் எண்கள் கிளையில் தெரியாது, கார்டு வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கடிதத்தோடு உங்கள் கடைசிப் பில்லையும் சேர்த்து, எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்க முடியாது. 30 நாளில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவசரத்தில் "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்று போட்டுவிடாதீர்கள். மோசடிப் புகாராகப் பதிந்து கார்டை முடக்கிவிடுவார்கள், நீங்கள் செய்த செலவை நீங்களே மறுத்தது போலவும் ஆகும்.

அந்த 46,384 எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? 512 டாலர், 87 ரூபாய் வைத்தால் 44,544. அதன்மேல் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி எடுக்கும் கூடுதல் கட்டணம், அதாவது மார்க்அப், 3.5 சதவீதம் 1,559, அந்த மார்க்அப்பின் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் 281. கூட்டினால் சரியாக வருகிறது. அது நியாயமான கணக்குதான், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

வானூர்திப் பிரியன் எழுதியது:

அப்பா அம்மாவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு போட்டுக் கொடுங்கள் சார். முன்கூட்டியே அதில் டாலராகவே பணம் ஏற்றிவிடலாம், மார்க்அப்பும் கிடையாது. நான் ஐரோப்பா போனபோது கடை, ரயில் எல்லாவற்றுக்கும் அதுதான், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

பழைய கப்பல்காரன் எழுதியது:

மேலே சொன்ன நண்பர் மன்னிக்கவும், கடையில் தேய்க்க ஃபாரெக்ஸ் கார்டு அருமையான பொருள், கப்பல் கணக்கில் அதைக் கொடுத்தால் இதே கதைதான். அதிலும் ஏற்றி வைத்த பணம்தானே, ஹோல்டு போட்டால் அந்த டாலர் முடங்கிவிடும், பெரியவர்கள் புக்கெட்டில் இறங்கி ஆட்டோவுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. சில கப்பல்களில் ப்ரீபெய்டு கார்டு என்று தெரிந்தால் வாங்கவே மாட்டார்கள்.

நான் தூத்துக்குடி. கப்பலில் பயணிகளின் கணக்கு, புகார்களைப் பார்க்கும் விருந்தினர் மேசையில் ஆறு வருடம் நின்றவன், கதவில் செருகும் அந்த உறைகளை எத்தனையோ இரவு நானே அச்சடித்திருக்கிறேன், அதனால் மகள் கையில் தம்ளரோடு நின்றாள் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் ஜூஸ் வாங்கும்போது உங்கள் வங்கிக்கு எதுவும் போவதில்லை, அது கப்பலின் உள்கணக்கு. இரவு பத்து பதினொரு மணிக்குக் கணினி எல்லாக் கேபின்களையும் ஓட்டிப் பார்க்கும், யாருடைய செலவு பிடித்து வைத்த தொகையை நெருங்குகிறதோ அவர்கள் கார்டுக்கு மட்டும் சாட்டிலைட் வழியாக இன்னொரு ஹோல்டு கேட்கும். வங்கி மறுத்தால் காலையில் அட்டை நின்றுவிடும். முதல் நாளே 300 டாலரை நெருங்கியிருக்கிறீர்கள் என்றால் கரைச் சுற்றுலா ஏதாவது பதிவு செய்தீர்களா?

திருப்பாலை மதுரை எழுதியது:

ஆமாம் அண்ணா, பினாங்கில் சுற்றிப் பார்க்க ஒரு ஆளுக்கு 45 டாலர், நாலு பேருக்கு 180. சரியாகச் சொன்னீர்கள்.

பழைய கப்பல்காரன் எழுதியது:

அப்படியென்றால் கணக்கு வந்துவிட்டது தம்பி. 180, அதோடு நாலு பேருக்கும் டிப்ஸ், அது தானாகவே ஏறிவிடும். நம் ஊரில் கிராச்சுவிட்டி என்றால் வேலையை விடும்போது வருவது, கப்பல் பில்லில் அந்தப் பேரில் இருப்பது தினசரி டிப்ஸ், பலர் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். பில்லில் பாதியாவது அதுவாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஏறும்போது 300 டாலர், 26,100 ரூபாய். அன்று இரவே 180 டாலர், 15,660. இரண்டும் சேர்த்து 41,760. சிங்கப்பூரில் இரவு பதினொரு மணி என்றால் இந்தியாவில் எட்டரை, ஆக வங்கிக்கு அது இன்னும் அதே நாள். நீங்கள் வைத்த ஒரு நாள் வரம்பு 40,000. வெறும் 1,760 ரூபாயில் மாட்டியிருக்கிறீர்கள்.

கவுண்டர் நாலு எழுதியது:

அண்ணன் சொல்வது சரி. 2020 முதல் புதுக் கார்டுகள் எல்லாம் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அது பலருக்குத் தெரிந்திருக்கிறது. திறக்கும்போது அதன் பக்கத்திலேயே வரம்பு ஒன்று இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. கடை மிஷினுக்கு ஒன்று, ஆன்லைனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஏறுவதற்கு முன் செயலியில் கார்டைப் பதிகிற கப்பல் என்றால் இரண்டையும் திறந்து வையுங்கள்.

தேக்கா பக்கம் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மாமனார் மாமியார் போனபோது கார்டே கொடுக்கவில்லை, ஏறியதும் விருந்தினர் மேசையில் 300 டாலர் ரொக்கமாகக் கட்டிவிட்டார்கள், செலவு போக மீதியைக் கடைசி இரவு கையில் கொடுத்துவிட்டார்கள். இங்கே முஸ்தபா வணிக வளாகத்தின் பக்கத்தில் பணம் மாற்றும் கடைகளில் அமெரிக்க டாலர் வாங்கலாம், ஆனால் உங்கள் கப்பலில் கணக்கு அமெரிக்க டாலரா வெள்ளியா (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கிருந்து கிளம்பும் சில கப்பல்களில் சிங்கப்பூர் வெள்ளியில்தான் கணக்கு.

பழைய கப்பல்காரன் எழுதியது:

ரொக்கம் நல்ல வழிதான், நான் பெரியவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். முன்பணம் தீர்ந்தால் அட்டை நின்றுவிடும் என்பது ஒன்றுதான் குறை, இரண்டாம் நாள் ஒருமுறை மேசையில் பாக்கி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டால் போதும். கார்டுதான் வேண்டும் என்றால் அவர்கள் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு, அல்லது உங்கள் பெயரில் ஒன்று எடுத்து அப்பாவுக்கு ஆட்-ஆன் கார்டு, அதாவது அதே கணக்கில் அவர் பெயரில் வரும் கூடுதல் கார்டு. உங்கள் கார்டையே கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், கப்பலில் இல்லாதவர் கார்டை மேசையில் இருக்கும் பையன் வாங்கத் தயங்குவான். கிரெடிட் கார்டிலும் ஹோல்டு இப்படித்தான் விழும், ஆனால் முடங்குவது கடன் வரம்புதான், வீட்டுச் செலவுக் காசு இல்லை.

இன்னொரு விஷயம், இது முக்கியம். கடைசி இரவு எட்டு மணிக்கே போய்ப் பில்லை வாங்கி வரி வரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும் நாள் காலையில் அந்த மேசை முன்னால் நூறு பேர் நிற்பார்கள், எல்லோருக்கும் விமானம் பிடிக்கும் அவசரம், யாரும் நிதானமாகக் கேட்க முடியாது. கார்டில் பில்லை ரூபாயில் எடுக்கவா டாலரில் எடுக்கவா என்று கேட்டால் டாலர் என்று சொல்லச் சொல்லுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம், கூடவே பல வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் போடும். நடுக்கடலில் போனை விமானப் பயன்முறையில் வைக்கச் சொல்லுங்கள். கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்தால் சாதாரண ரோமிங் பேக்கில் அது சேராது.

திருப்பாலை மதுரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பில்லை எடுத்துப் பார்த்தேன், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் டிப்ஸ், மொத்தம் 256, அண்ணன் சொன்னது போலச் சரிபாதி. கவுண்டர் நாலு சொன்ன மாதிரியே வார்த்தை மாற்றாமல் எழுதிக் கேட்டேன், மறுநாளே கடிதம் வந்துவிட்டது. அதை வங்கியில் கொடுத்துப் புகார் எண் வாங்கினேன். 19ஆம் தேதி காலையில் 300, 180 இரண்டும் விடுபட்டன, அன்றே பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டேன். 220 மட்டும் இன்னும் நிற்கிறது, அதில் ஒப்புதல் எண்ணில் ஒரு இலக்கம் தவறாக இருக்கிறது என்றார்கள், திருத்திய கடிதம் கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் ரொக்கம்தான் கொடுத்து அனுப்பப் போகிறேன். அவர் கப்பல் சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கு வைக்கிறதாம், இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.