படத்தை அவர்கள் எப்படிப் படித்தார்கள்? – அனுபவப் பகிர்வு

மதுரை ஓவியர்:

அனைவருக்கும் வணக்கம். வேளாண்மைக்கும் பொதுச் சுகாதாரத்துக்குமான துண்டறிக்கைகள், சுவரொட்டிகள் ஆகியவற்றுக்குப் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். மென்பொருள், எழுத்துரு, நிறச்சேர்க்கை பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். யாருக்காக வரைந்தோமோ அவர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் அதைப் பற்றி எழுதுவது அரிது. அத்தகைய அனுபவங்களை இங்கே எழுதுமாறு வேண்டி, என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

பூச்சிமருந்துப் பாதுகாப்பு குறித்த படத்தொகுப்பு ஒன்றுக்காகப் பேரையூர்ப் பக்கத்துப் பருத்தி விவசாயிகள் சிலரைச் சந்தித்தேன். மருந்து டப்பாவின் லேபிளில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதன் கீழ் முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைத் தெரிவிக்க வேண்டும்: மிகக் கடுமையானதற்குச் சிவப்பு, அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. மண்டையோடும் குறுக்கெலும்பும் சிவப்பு வகைக்கு மட்டுமே உரியவை. வகுத்தவர்களின் தருக்கத்தில் குறையில்லை. ஆனால் நான்கு நிற டப்பாக்களையும் வரிசையாக வைத்து, வேறெதுவும் சொல்லாமல், "இவை எப்படிப்பட்ட மருந்துகள்?" என்று மட்டும் கேட்டபோது கிடைத்த விடைகள் அந்தத் தருக்கத்தின் பக்கமே வரவில்லை. பச்சை என்றால் பயிருக்கு நல்லது, இலை பச்சைப்பசேல் என்று வரும் என்றார் ஒருவர். மஞ்சளில் மங்கலத்தைக் கண்டார் ஒரு பெரியவர். நீலம் எவருக்கும் எதையும் சொல்லவில்லை. சிவப்பைப் பற்றிக் கேட்டதும், "இதுதான் புழுவுக்கு நல்லாக் கேட்கும், கடையில் இதைத்தான் கேட்டு வாங்குவேன்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். எச்சரிக்கைக்காக வைக்கப்பட்ட நிறம் அவரிடம் தரச்சான்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அவரை அறியாதவர் என்று சொல்ல நான் துணியமாட்டேன். கடும் நஞ்சு புழுவையும் கடுமையாகத்தான் கொல்லும் என்று அவர் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார். நஞ்சு யாருக்கு என்பதைத்தான் குறி சொல்லவில்லை.

எனவே அந்தத் தொகுப்பில் நிறங்களை விளக்குவதை விட்டுவிட்டுத் தெளிப்பவரின் உடலை வரைந்தோம். ஆனால் அங்கும் எளிதாக இல்லை. காற்றின் திசையைக் காட்டும் வளைகோடுகளைப் புகை என்றார்கள். தெளிப்பவரின் வேட்டி நுனியும் அருகிலிருந்த தென்னங்கீற்றும் ஒரே பக்கம் பறக்கும்படி வரைந்த பிறகு, "காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான்" என்று அவர்களாகவே சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பணிக்காலம் நினைவுக்கு வந்தது. நான் படம் வரைபவள் அல்லள். மற்றவர்கள் வரைந்து அனுப்பிய படங்களை வீடு வீடாக எடுத்துச் சென்றவள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதாவது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, முழுவதுமாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். எங்களுக்கு வந்த சுவரொட்டியில் ஒரு பாத்திரமும் அதில் பொட்டலத்தைக் கொட்டும் கையும் இருந்தன. அது சொம்பா, குண்டானா, தம்ளரா என்று கோட்டோவியத்தில் எப்படித் தெரியும்? பல தாய்மார்கள் தம்ளர் நீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார்கள், சிலர் முழுப் பொட்டலத்தையும் அதே தம்ளரில் கொட்டினார்கள். முதலாவது பயன் தராது, இரண்டாவது குழந்தைக்கே கேடு. சின்னக் குழந்தைக்கு ஒரு லிட்டர் எதற்கு என்ற அவர்களின் கேள்வியும் நியாயமானதே. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுப்பதற்கு என்பது படத்தில் எங்கும் இல்லை. நாங்கள் கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டத் தொடங்கினோம். அதன் உருவம் எல்லோருக்கும் தெரியும், அளவும் தெரியும். அடுத்த முறை படம் கேட்டபோது அந்தப் பாட்டிலையே வரையச் சொன்னோம். கரைசலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சூரியன், நிலா, சூரியன் என்று வரைந்து பார்த்தார்கள். அது யாருக்கும் விளங்கவில்லை, கடைசிவரை வாய்ச்சொல்லாகவே அதைச் சொல்லிவந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய்ப்பால் குறித்த சுவரொட்டி ஒன்றில் பால்புட்டியை வரைந்து அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அதன் எதிரில் அமர்ந்திருந்த ஓர் இளம் தாய், புட்டிப்பால் வேண்டாம் என்று நான் சொன்னபோது, "ஆஸ்பத்திரிச் சுவரிலேயே புட்டிப் படம் மாட்டியிருக்கிறீர்களே, அம்மா" என்று கேட்டார். பெருக்கல் குறி "கூடாது" என்று பொருள்படுவது பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையால் திருத்தப்பட்ட நோட்டுகளோடு பழகியவர்களுக்குத்தான். அவர் கண்ணில் பதிந்தது புட்டி மட்டுமே. குழந்தைப் பால்மாவு டப்பாக்களில் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது என்று 1992ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. படத்தின் வலிமையைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்ட அளவுக்குச் சுவரொட்டி வரைந்தவர்கள் புரிந்துகொள்ளவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சிவகாசி அச்சக வடிவமைப்பாளர்:

அம்மா சொன்ன பெருக்கல் குறியைப் போலவே நிறமும் எல்லோருக்கும் பொதுவானதன்று என்பதை எங்கள் அச்சகத்திலேயே கண்டேன். உணவுப் பொட்டல உறைகளில் அப்போது சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளியும் சதுரத்துக்குள் அச்சிட்டுவந்தோம். அச்சான சுருள்களைப் பிரித்து அடுக்கும் பகுதியில் மிகக் கவனமாக வேலை செய்யும் ஒருவர் இருந்தார். அவர் ஒவ்வொரு சுருளிலும் பண்டத்தின் பெயரை வாசித்த பிறகே அடுக்குவதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். இரண்டு புள்ளிகளும் தமக்கு ஒரே நிறமாகத்தான் தெரிகின்றன என்றார். சிவப்பு, பச்சை சாயல்களைப் பிரித்தறிய இயலாத பார்வை ஆண்களிடம் பெண்களைவிட மிகுதியாகக் காணப்படுவது. 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் ஒழுங்குமுறைகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டபோது, பலருக்கு அது இன்னொரு முறை அச்சுத் தகடு மாற்றும் செலவாகத் தெரிந்தது. எனக்கு அந்த ஊழியரின் முகம் தெரிந்தது. அன்று முதல் எந்த வடிவமைப்பையும் முதலில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்க்கிறேன். நிறம் போன பிறகும் பொருள் நிற்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தீப்பெட்டி லேபிள் பற்றியும் ஒரு வரி. பெயரை வாசிக்காமல் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கும் பொருள் அது. தயாரிப்பாளர் ஒருவர் தம் லேபிளில் இருந்த விலங்கை நவீனமாக, இரண்டு மூன்று வளைவுகளில் அடங்கும்படி மாற்றி வரையச் செய்தார். படம் அழகாகவே இருந்தது. வாடிக்கையாளர்கள் போலிச் சரக்கு என்று ஒதுக்குவதாகக் கடைக்காரர்களிடமிருந்து செய்தி வந்ததும் பழைய படமே திரும்ப வந்தது.

கிளிநொச்சி உறுப்பினர்:

2009க்குப் பின்னர் மீள்குடியேறிய எங்கள் பகுதிப் பாடசாலைகளில் மிதிவெடி அபாயக் கல்வி நடைபெற்றது. நான் அதில் தன்னார்வலராகப் பணிபுரிந்தேன். சிவப்பு நிற அறிவித்தல் பலகையில் மண்டையோடும் மும்மொழி எழுத்தும் இருக்கும். அது பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது, அதில் சிக்கல் இருக்கவில்லை. சிக்கல் வந்தது வெடிபொருட்களை அடையாளம் காட்டும் சுவரொட்டியில்தான். அதில் மிதிவெடிகளும் எறிகணைகளும் வெள்ளைப் பின்னணியில், புத்தம் புதிதாக, பளபளப்பாக வரையப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் அதனதன் சரியான வடிவத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மண்ணில் பாதி புதைந்து, துருவேறி, இலை மூடிக் கிடந்த எறிகணை ஒன்றின் ஒளிப்படத்தைக் காட்டியபோது, மாணவன் ஒருவன் "இது பழைய இரும்பு, இது படத்தில் இல்லை" என்று விடை சொன்னான். பழைய இரும்பு சேர்த்து விற்பது பல குடும்பங்களுக்கு அக்காலத்தில் வருமானமாக இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மரப்பெட்டியில் செய்யப்பட்ட மிதிவெடிகளும் எங்கள் நிலத்தில் இருந்தன. வட்டத் தகட்டை மட்டும் மிதிவெடி என்று மனத்தில் பதித்துக்கொண்ட பிள்ளை பெட்டியைக் கண்டால் திறந்து பார்க்கத்தான் நினைக்கும்.

அதன் பிறகு பொருளை வரைவதைக் குறைத்து இடத்தை வரையத் தொடங்கினார்கள்: கைவிடப்பட்ட பதுங்குகுழி, ஆள்நடமாட்டமில்லாத பற்றைக்காடு, இறந்து கிடக்கும் மாடு. எதைத் தொடக் கூடாது என்பதைவிட எங்கே போகக் கூடாது என்பதைப் பிள்ளைகள் எளிதில் திருப்பிச் சொன்னார்கள். எல்லை காட்ட நட்ட வண்ணத் தடிகளை வேலிக்கு உதவும் என்று பிடுங்கிச் சென்றவர்களும் உண்டு. அது படத்தால் தீரும் காரியமன்று.

தேர்தல் பணி ஆற்றிய ஆசிரியர்:

என்னுடையது சிறிய அனுபவம். நம் தேர்தல் சின்னங்களுள் பல, தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக இருந்து 1992இல் ஓய்வுபெற்ற எம்.எஸ். சேத்தி பென்சிலால் வரைந்தவை. தடித்த கோடு, ஒரே பொருள், பின்னணி ஏதுமில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தின் தாளில் சிறு கட்டத்துக்குள் கறுப்பு வெள்ளையாக அச்சான பிறகும் சீப்பு சீப்பாகவே தெரிகிறது. 2015 முதல் வேட்பாளரின் ஒளிப்படமும் சேர்ந்தது. எனினும் நான் கண்டவரை முதியவர்களின் விரல் சின்னத்தைத்தான் தேடிச் செல்லும். அதே 2015இல் "மேற்கண்ட எவருமில்லை" என்பதற்கு, வாக்குச்சீட்டின்மேல் பெருக்கல் குறியிட்ட சின்னம் வந்தது. வாக்காளர் ஒருவர் மாதிரித் தாளில் அதைச் சுட்டி, "இது எந்தக் கட்சி, சார்?" என்று என்னைக் கேட்டார். செவிலியர் அம்மா எழுதியதை இப்போது படித்த பிறகே அந்தக் கேள்வியின் காரணம் எனக்குப் பிடிபடுகிறது.

சென்னையிலிருந்து இளம் வடிவமைப்பாளர்:

மதுரை அண்ணாவிடம் ஒரு கேள்வி. எங்களைப் போன்றோரிடம் வேலை தருபவர்கள் சோதனைக்கு நேரமும் தருவதில்லை, பணமும் தருவதில்லை. "குழுவில் எல்லோருக்கும் புரிகிறதே" என்று முடித்துவிடுகிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மதுரை ஓவியர்:

தம்பி, அலுவலகக் குழுவுக்குப் புரிவதில் வியப்பில்லை. என்ன சொல்ல வருகிறோம் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தவர்கள் தயவால் பிழைக்கும் குறிகள் உலகில் நிறைய உள்ளன. கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் 1946இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவானது. அறிவியலாளர்களுக்கு அது போதும், பழைய இரும்பு உடைப்பவருக்கு அது வெறும் மின்விசிறி. அதனால்தான் பன்னாட்டு அணுசக்தி முகமையும் பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பும் 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்து, கதிர்களும் மண்டையோடும் தப்பியோடும் மனிதனும் சேர்ந்த சிவப்பு முக்கோணச் சின்னத்தை 2007இல் வெளியிட்டன. சோதித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கருவியைப் பிரிக்க முற்படுபவர் கண்ணில் படும்படி உள்ளே, கதிரியக்க மூலத்துக்கு அருகில் பொறிப்பதற்கானது அது. 2010இல் தில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த பழைய கருவியைப் பிரித்தபோது ஓர் உயிர் போனது. அத்தகைய கைகளுக்காகவே அந்தச் சின்னம் எண்ணப்பட்டது. வேலை தருபவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

செலவைப் பொறுத்தவரை, ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையாக எடுத்த படிகளும் ஒரு பேருந்துப் பயணமும் போதும். ஒரு நேரத்தில் ஒரு படத்தை மட்டும், எழுத்துகளை மறைத்துவிட்டுக் காட்டுங்கள். "புரிகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "இதில் என்ன நடக்கிறது?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். விடை தவறாக வரும்போது திருத்தத் தோன்றும். அப்போது வாயைக் கட்டுவதுதான் கடினம். பக்கத்தில் நிற்பவர் விடையை எடுத்துக்கொடுத்துவிடுவார் என்பதால் தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஒரே பகுதியைப் பலரும் ஒரே விதமாகப் பிறழப் படித்தால் அந்தப் பகுதியை மாற்றி வரைந்து, முதலில் பார்க்காதவர்களிடம் கொண்டுபோங்கள்.

வேலை தருபவரிடம் விலைப்புள்ளி கொடுக்கும்போது "களச் சோதனை" என்று தனி வரி ஒன்று சேர்த்துவிடுகிறேன். பெரும்பாலும் அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார்கள். அப்படி அடித்துவிட்டாலும் பேருந்துக் கட்டணத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டு வருகிறேன். மக்கள் சொன்ன விடைகளை அந்தந்தப் படத்தின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால், மறுவரைவுக்கு ஒப்புதல் வாங்குவதில் பெரிய சண்டை வருவதில்லை.