தித்திவங்சா ஏரியில் பறவைக் கணக்கு: மைனாவை எப்படி எண்ணுவது?

செந்தூல்வாசி எழுதியது:
வணக்கம். எங்கள் அடுக்குமாடியில் இருந்து ஏழு பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் பறவைகளை எண்ணத் தொடங்கியிருக்கிறோம், இரண்டு மாதம் ஆகிறது. ஏன் தொடங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம் பெரிய அங்சானா மரம் ஒன்று இருந்தது, சாயங்காலம் ஆனால் பச்சைப்புறாக்கள் வந்து அடையும். போன வருடம் ஒரு நாள் காலையில் வெட்டிவிட்டார்கள். போய்க் கேட்டதற்கு, "எத்தனை பறவை இருந்தது, எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் பொறுப்பில் இருந்தவர். பத்து வருடம் தினமும் பார்த்த எனக்கு ஒரு தேதிகூடச் சொல்ல வாய் வரவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது பிரச்சினை மைனா. அதே ஒரு மணி நேரத்தில் நான் 143 என்று எழுதியிருக்கிறேன், எதிர்வீட்டு அக்கா 60 என்று எழுதியிருக்கிறார். புல்லில் இறங்குகிறது, ஏறுகிறது, ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. அப்புறம், எங்களுக்கு அடையாளம் தெரிந்தது பன்னிரண்டு பறவைதான். காகம், மைனாவை எல்லாம் எண்ணி என்ன ஆகப்போகிறது, அபூர்வமானதை மட்டும் எழுதுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பாலிக்புலாவ்_மீன்கொத்தி எழுதியது:
சரியில்லை தங்கச்சி. பினாங்குத் தாவரவியல் பூங்காவில் பல வருடமாக எண்ணுகிறேன், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் மைனா. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணவேண்டாம். ஒருவர் பார்த்துச் சொல்லட்டும், ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் கை காட்டட்டும். ஏரியை எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள், ஒரே நேரத்தில் கிளம்புங்கள், 7.15 நல்ல நேரம், வெளிச்சம் வந்துவிடும், வெயில் ஏறியிருக்காது. உங்களுக்கு முன்னால் இருப்பதை எண்ணுங்கள். பின்னாலிருந்து உங்களைத் தாண்டிப் பறப்பதை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் ஏற்கெனவே எண்ணியதுதான். கூட்டமாக எழுந்தால் பத்து பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, அதே அளவில் கூட்டம் முழுவதையும் பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று தடவையில் கை பழகிவிடும்.

ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில்தானே பதிகிறீர்கள்? கார்னெல் பல்கலைக்கழகம் 2002ல் தொடங்கியது, இலவசம், மலேசியப் பதிவுகளும் அதில்தான் சேர்கின்றன. எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் என்று கட்டாயம் போடுங்கள். கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி கேட்கும். அதற்கு ஆம் என்று மனசாட்சியோடு சொல்ல முடிந்தால்தான் பட்டியலுக்கு மதிப்பு. நீங்கள் காகத்தை எழுதவில்லை என்றால், அன்று காகம் இல்லையா, இருந்தும் விட்டுவிட்டீர்களா, பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு பறவை போதும். தெரியாததைத் தெரியாதது என்றே எழுதலாம், தவறில்லை.

காக்கைக்கூடு எழுதியது:
அக்கா, காகத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது நம் ஊருக்குப் பிழைக்க வந்த பறவை. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். குயில் அந்தக் காலத்தில் இங்கே குளிர்கால விருந்தாளியாக மட்டும்தான் வந்து போனது. காகம் பெருகியதும் அதன் கூட்டிலேயே முட்டையிட்டு வருடம் முழுவதும் தங்கிவிட்டது. இன்று விடிவதற்கு முன்னால் செந்தூலில் உங்களை எழுப்புகிற குயிலுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது, சாதாரணப் பறவையை எழுதி வைத்தவர்கள் இருந்ததால் நமக்கு அது தெரிகிறது.

மைனாவையும் ஒன்றாகப் போடாதீர்கள். உடம்பு காப்பி நிறம், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் என்றால் நம் பழைய மைனா. உடம்பு கருஞ்சாம்பல், அலகுக்கு மேலே சின்னக் குடுமி, வாலுக்கு அடியில் வெள்ளை என்றால் ஜாவா மைனா. இங்கே நடைபாதை எல்லாம் அதுதான், ஆனால் சொந்த ஊரான ஜாவாவில் கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்து அருகிப்போய், அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதை எண்ணாமல் எப்படி?

சிட்டுக்குருவியையும் ஒரு தடவை கன்னத்தைப் பாருங்கள். வெள்ளைக் கன்னத்தில் மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, தலை செம்பழுப்பு. தமிழ்நாட்டுச் சிட்டுக்குருவிக்கு அந்தப் பொட்டு கிடையாது, இது மரச்சிட்டு.

கெப்போங்_நடையாளி எழுதியது:
ஒன்றே ஒன்று. கைப்பேசிச் செயலி சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொன்னால் உடனே எழுதிவிடாதீர்கள், கண்ணால் பாருங்கள், இல்லையென்றால் சத்தம் உங்களுக்கே உறுதியாகத் தெரியவேண்டும். கூடு பார்த்தால் இடத்தை வாட்சாப்பில் போடாதீர்கள். நல்ல பாட்டுக்காரப் பறவையைப் பிடித்து விற்கிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

செந்தூல்வாசி எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை நீங்கள் சொன்னபடியே போனோம். 7.15க்குக் கிளம்பி 70 நிமிடம், ஒரு சுற்று. எதிர்வீட்டு அக்கா சொன்னார், நான் எழுதினேன். ஜாவா மைனா 52, பழைய மைனா 11, காகம் 28, மரச்சிட்டு 19. அக்கா ஒரு சிட்டின் கன்னப் பொட்டைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். பச்சைப்புறா 6, தண்ணீர் ஓரத்து அத்திமரத்தில், இலைக்குள் இலை மாதிரி, ஒன்று கழுத்தைத் திருப்பிய பிறகுதான் மற்ற ஐந்தும் கண்ணில் பட்டன. தேதியோடு எழுதியாகிவிட்டது.

குயிலைப் பார்க்கவில்லை, மூன்று இடத்தில் சத்தம் மட்டும் கேட்டது. அதைச் சேர்க்கலாமா?

பாலிக்புலாவ்_மீன்கொத்தி எழுதியது:
சேர்க்கலாம். மூன்றும் ஒரே சமயத்தில் வேறு வேறு திசையில் கேட்டிருந்தால் 3 என்று போடுங்கள். ஒன்று நின்ற பிறகு இன்னொன்று கேட்டது என்றால், அதே குயில் இடம் மாறியிருக்கலாம், 1 போதும்.