கடையில் தப்பாத கணக்கு, கரும்பலகையில் ஏன் வருவதில்லை?

பல்லடம் ஆசிரியை:
பல்லடம் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன் மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணி வாங்கியதை நேரில் பார்த்தேன். அதே கழித்தலைக் கரும்பலகையில் போடச் சொன்னால், சாக்பீஸைப் பிடித்தபடி "எனக்கு வராதுங்க டீச்சர்" என்று தலை குனிந்து நின்றுவிடுகிறான். பெற்றோர் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர இரவு ஒன்பது மணியாகிறது. வேலைக்குத் தக்கபடி வாடகை வீடும் மாறியதில் அவனுக்கு இது மூன்றாவது பள்ளி. நான் எங்கிருந்து தொடங்குவது?

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
டீச்சர், கணக்கு அவனுக்குத் தெரியும். வகுப்பே பார்த்திருக்கத் தப்பாகப் போட்டுவிடுவோமோ என்ற அச்சம்தான் அவன் கையைக் கட்டுகிறது. முன்பு எங்கோ அவனுக்கு "மக்கு" என்ற பெயர் விழுந்திருக்கக்கூடும். நானும் ஒரு வருடம் மதிப்பெண்படி பிள்ளைகளை வரிசை பிரித்து உட்கார வைத்தேன். கடைசி வரிசைக்காரர்கள் தீபாவளிக்குள் கை தூக்குவதையே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆய்வாளர்கள் ரோசன்தாலும் ஜேக்கப்சனும் செய்து 1968இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணை மூடிப் பொறுக்கிய சில பிள்ளைகளை "இவர்கள் சீக்கிரம் முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். வருட முடிவில் 1, 2ஆம் வகுப்புகளில் அப்பிள்ளைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. அந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் என் கடைசி வரிசையைப் பார்த்த பிறகு என்னால் அதைத் தள்ளிவிட முடியவில்லை.

திருப்பூர், செக்கிங் வேலை செய்யும் தாய்:
பெற்றோர் கூட்டம் பகலில் வைத்தால், வருவதற்குச் சம்பளத்தை விட வேண்டும். வராவிட்டால் அக்கறையில்லாதவர்கள் என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்ததில், காலையில் அவசரமாகக் கிளம்பும் எங்களுக்குப் பிள்ளையின் பசியைப் பற்றிய கவலை குறைந்தது. ஆனால் பள்ளி விட்டு நாங்கள் வரும் வரை அவனுக்குத் துணை டிவிதான். வந்ததும் "சாப்பிட்டியா, எழுதினியா" என்ற இரண்டு கேள்வியோடு எங்கள் பேச்சும் முடிந்துவிடுகிறது. பிள்ளையைப் பற்றி நல்லதாக ஏதாவது இருந்தால், டீ டைமில் போன் செய்து சொல்லுங்கள் டீச்சர். எங்களுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தாலே புகார்தான்.

கோவை, சிறப்பாசிரியர்:
மனம், குடும்பம் என்று போவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். மனக்கணக்கு வந்து எழுத்தில் மட்டும் தடுமாறுவது எழுதுவதிலுள்ள கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். வாய்மொழியாகக் கேட்டும், தனியாகச் சிலேட்டில் போட வைத்தும் பாருங்கள். யாரும் பார்க்காத சிலேட்டில் சரியாகப் போட்டால் தலைமையாசிரியர் ஐயா சொன்னதே காரணமாக இருக்கும்.

பல்லடம் ஆசிரியை:
இன்று பக்கத்தில் உட்கார வைத்துச் சிலேட்டைக் கொடுத்தேன். ஐந்து கழித்தலில் நான்கு சரி. கண் பரிசோதனைக்கும் சொல்லிவிட்டேன். அம்மா, உங்கள் பக்கம் டீ டைம் எத்தனை மணிக்கு?

திருப்பூர், செக்கிங் வேலை செய்யும் தாய்:
எங்கள் கம்பெனியில் காலை பதினொன்று, மாலை ஐந்துங்க டீச்சர்.