கோபத்துக்கு என்ன கலர்? ஐந்து வயது மகள், கறுப்பு பெயிண்ட், குழம்பிப்போன அம்மா

நீலவானம்:

வணக்கம். மகளுக்கு ஐந்து வயது. தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகிறது, அதிலிருந்து பிள்ளை பழைய பிள்ளையாக இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறாள், என்னம்மா என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அப்புறம் இரவில் விளக்கை அணைத்ததும் சத்தமில்லாமல் அழுகிறாள். வாயால் சொல்ல வராததை வண்ணத்தால் சொல்லட்டுமே என்று, மைண்ட்ஃபுல் பெயிண்டிங், அதாவது மனதில் இந்த நேரம் என்ன ஓடுகிறது என்று கவனித்துக்கொண்டே வண்ணம் பூசுவது பற்றி அங்கும் இங்கும் படித்துவிட்டு நானே ஆரம்பித்தேன்.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். மகிழ்ச்சிக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு, பயத்துக்குக் கறுப்பு. கண்ணை மூடு, மூச்சை இழுத்து விடு, உள்ளே எந்தக் கலர் தெரிகிறதோ அதை எடுத்துப் பூசு என்றேன். முதல் நாள் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு மறு கண்ணால் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள். இரண்டாம் நாள், "கோபம் ஏன் சிவப்பு? எனக்குச் சிவப்புதானே பிடிக்கும்" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அழகாக ஒரு வீடு, வாசலில் நாலு பேர் என்று வரைந்து முடித்தவள், கறுப்பை எடுத்து எல்லாவற்றின் மேலும் பூசிக்கொண்டே போனாள், தாள் ஊறிக் கிழிந்தேவிட்டது. "யார் மேல கோபம், தம்பி மேலயா?" என்று கேட்டுவிட்டேன். பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கறுப்பாகப் பூசினால் மனதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தமா? தொடரலாமா, விட்டுவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்வீடு:

மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளோடு 11 வருடமாகக் குப்பை கொட்டும் டீச்சர் நான். முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றுங்கள். அது உங்கள் கலர், அவளுடையது இல்லை. சிவப்பு பிடிக்கும் பிள்ளையிடம் சிவப்புதான் கோபம் என்று சொன்னால், பாவம், அவள் எதைத் தொடுவாள்?

நாலிலிருந்து ஏழு வயது வரை பிள்ளைகள் ஒரு பொருளையும் அதன் நிறத்தையும் அவ்வளவாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை என்று கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே எழுதிவிட்டார். பச்சைச் சூரியன், ஊதா நாய் எல்லாம் அந்த வயதில் சாதாரணம். கைக்கு எது எட்டியதோ, எந்த டப்பா புதிதோ, அதை எடுப்பார்கள். அதிலும் கறுப்புக்கு ஒரு கவர்ச்சி உண்டு, கீழே இருப்பதை ஒரே இழுப்பில் மறைத்துவிடும். மறைப்பதே ஒரு விளையாட்டு. என் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு படமாவது இப்படிக் கறுப்புக்கு அடியில் போய்விடும், கேட்டால் "ராத்திரி ஆயிடுச்சு மிஸ்" என்பார்கள்.

கண்ணை மூடு, உள்ளே பார் என்பதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். சின்னப் பிள்ளைக்குக் கவனம் கை வழியாகத்தான் வரும். கெட்டியான தாளில் பெரிய பிரஷ்ஷால் வெறும் தண்ணீரை முழுக்கப் பூசச் சொல்லுங்கள். தாளைச் சாய்த்தால் ஈரம் மினுங்கும், எங்கே மினுங்கவில்லை என்று அவளே தேடட்டும். பிறகு ஒரே ஒரு சொட்டு வாட்டர் கலர். சொட்டு விழுந்ததும் ஓரத்தில் பூனைமுடி முளைத்த மாதிரி மெல்ல மெல்லப் பரவும், அது நிற்கும் வரை இரண்டு பேரும் பேசாமல் பாருங்கள். துள்ளிக்கொண்டே இருக்கும் பையன்கள்கூட அந்த நேரத்தில் மூச்சை மெதுவாக விடுவதைப் பார்த்திருக்கிறேன், யாரும் சொல்லாமலே. இரண்டு கலர் போதும், நீலமும் மஞ்சளும் என்றால் நடுவில் பச்சை பிறப்பதை அவளே கண்டுபிடிப்பாள். எல்லா டப்பாவையும் திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் சேற்று நிறம்தான்.

நீங்களும் பக்கத்தில் ஒரு தாளோடு உட்காருங்கள். "எனக்கு நேத்து தூக்கமே இல்ல, அதான் கோடு இப்படி இழுத்துக்கிட்டே போகுது" என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவள் படத்தைப் பற்றிக் கேட்பதானால் "என்ன இது?" வேண்டாம், "இதைப் பத்திச் சொல்றியா?" போதும். சொல்லவில்லையா, விட்டுவிடுங்கள். "சூப்பர், அழகா இருக்கு" என்பதையும் கொஞ்சம் அடக்குங்கள். அடுத்த படத்தை உங்கள் சூப்பருக்காக வரைய ஆரம்பித்துவிடுவாள்.

வாலுப்பையன் அப்பா:

டீச்சர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பெயிண்டிங் என்றாலே பிள்ளையின் சோகத்தைத் தோண்டி எடுக்கத்தான் என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது பாருங்கள், அதுதான் இடிக்கிறது. ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம், ஏமாற்றம் தந்த ஒரு சம்பவத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிலரை அதையே வரையச் சொன்னார்கள், சிலரை அதற்குச் சம்பந்தமில்லாத வேறு ஒன்றை வரையச் சொன்னார்கள். வேறு எதையோ வரைந்தவர்களுக்குத்தான் மனசு அதிகம் தேறியது. உங்கள் பெண் அந்த வயதுக்குக் கொஞ்சம் சின்னவள்தான், இருந்தாலும் "கோபத்தை வரை" என்று உட்கார வைப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள். என் பையன் அழுது முடித்தால் லாரி வரைவான். ஒரு வருடமாக லாரிதான். எத்தனை சக்கரம் என்று எண்ணி எண்ணி வரைவான், பன்னிரண்டாவது சக்கரம் வரும்போது அழுகை எங்கே போனதென்றே தெரியாது. நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இன்னொன்று, கத்திக்கொண்டிருக்கும்போது பிரஷ்ஷைக் கையில் கொடுக்காதீர்கள். பட்டு அனுபவித்துச் சொல்கிறேன், எங்கள் வீட்டுச் சுவர் சாட்சி. தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், அடங்கட்டும், அப்புறம் பெயிண்ட்.

தூவானம்:

பிரஷ்ஷே வேண்டாம், விரலால் பூசவிட்டுப் பாருங்கள் என்பது என் கட்சி. ரோமில் பள்ளி நடத்திய ரூத் ஷா என்ற அமெரிக்க ஆசிரியைதான் விரலால் பூசும் பெயிண்டை 1930-களின் தொடக்கத்தில் பிரபலமாக்கியவர். நிறையப் பிள்ளைகளுக்கு, அழிக்க அழிக்க மறுபடி பூசலாம் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. சில பிள்ளைகளுக்குக் கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது சுத்தமாகப் பிடிக்காது, அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

கல்தச்சன்:

பிள்ளைகளோடு ஆர்ட் தெரபி, அதாவது படம் வரைவது வழியாக மனதுக்குச் சிகிச்சை, செய்கிறேன், அதனால் ஒரு எச்சரிக்கை மட்டும். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-ல் வைத்தவர் ஏட்ரியன் ஹில், காசநோயில் படுத்திருந்தபோது வரைந்து தேறிய ஓவியர். அதற்குப் பிறகு அது பயிற்சி பெற்றுச் செய்யும் தொழிலாகிவிட்டது. வீட்டில் நீங்கள் செய்வது தெரபி இல்லை, கூட உட்காருவது. அதற்கும் பலன் உண்டு, ஆனால் படத்தை எக்ஸ்ரே மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்க்காதீர்கள். நாங்களே ஒரு படத்தை வைத்து எதுவும் சொல்வதில்லை. வரையும்போது கை எவ்வளவு அழுத்துகிறது, தோள் எப்படி இருக்கிறது, என்ன முணுமுணுக்கிறாள், முடித்ததும் முகம் இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா, இதைத்தான் பார்ப்போம்.

உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி: கறுப்பு பூசும்போது அவள் முகம் எப்படி இருந்தது? நீங்கள் "தம்பி மேலயா" என்று கேட்ட பிறகுதான் பிரஷ் பறந்தது. அதுவரை அவள் நன்றாகத்தான் இருந்திருக்கலாம். தம்பி மேல் கோபம் இருக்கவும் கூடும், மூன்று மாதக் குழந்தை உள்ள வீட்டில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம், ஆனால் அதை அவள் வாயிலிருந்து பிடுங்கினால் குற்றவாளியாகத்தான் உணர்வாள்.

கறுப்பு என்னைப் பயமுறுத்தவில்லை. இரவு அழுகை வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடு, தூக்கம் கெட்டாலோ, தன்னையோ தம்பியையோ காயப்படுத்த ஆரம்பித்தாலோ, படத்தை மறந்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.

நீலவானம்:

எல்லோருக்கும் நன்றி. கல்தச்சன் அவர்களே, யோசித்துப் பார்த்தேன். கறுப்பு பூசும்போது நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு மும்முரமாக இருந்தாள். நான்தான் பயந்திருக்கிறேன்.

சார்ட்டைக் கழற்றியாகிவிட்டது. நேற்று டீச்சர் சொன்ன ஈரத்தாள் செய்தோம். நீலத்தை ஒரு சொட்டு விட்டாள், பரவியது, மூக்கு தாளில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு "அம்மா, ஓடுது ஓடுது" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாலாவது சொட்டில் அவளாகவே, என்னைப் பார்க்காமல், "பாப்பா அழுதா நீ ஓடிப் போயிடுற, அப்ப என் வயிறு இப்படி ஆகுது" என்று பரவிக்கொண்டிருந்த நீலத்தைக் காட்டினாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "ம்ம், இப்படியா" என்று மட்டும் கேட்டேன். "இல்ல, இதைவிடப் பெரிசு" என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்துத் தம்பி அழுதான். இந்த முறை அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரே சிக்கல், தாள் காய்ந்ததும் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது, அதற்கு ஒரு பாட்டம் அழுதாள். என்ன செய்வது?

மணல்வீடு:

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கெட்டியான வாட்டர் கலர் தாள் வாங்குங்கள், அவ்வளவாகச் சுருளாது. நனைக்கும் முன் நாலு ஓரத்தையும் காகித டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு பிரியுங்கள். டேப்பை அவளே பிரிக்கட்டும், ஓரத்தில் வெள்ளைச் சட்டம் மாதிரி வரும், பிள்ளைகளுக்குப் படத்தைவிட அதுதான் பிடிக்கும்.