பழைய ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் கன்ட்ரோல்: சுத்தம் செய்தும் கரகரப்பு திரும்ப வருகிறது

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது டிரான்சிஸ்டர்களால் ஆன ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். வால்யூம் குமிழைத் திருப்பும்போதெல்லாம் இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் கரகரவென்ற ஒலி எழுகிறது. குமிழை அசைக்காமல் விட்டால் பாட்டு தெளிவாகவே கேட்கிறது. கன்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சிக் குமிழை இருபது முப்பது முறை முழுவதுமாகத் திருப்பினேன். சில நாட்கள் குறைந்திருந்த கரகரப்பு மீண்டும் பழையபடி வந்துவிட்டது. கன்ட்ரோலுக்குள் தொடுமுனை உரசி நகரும் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது என்று கொண்டு, கன்ட்ரோலையே மாற்றிவிடலாமா?

முதல் பதில்:
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். இரண்டு பக்கங்களும் ஒரே தண்டில் ஒரே அளவு சுழன்றிருக்க, ஒரு பக்கம் மட்டும் இரைகிறது என்றால், அந்தப் பக்கத்துத் தடத்தின் வழியே டிசி மின்னோட்டம் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) பாய்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். டிசி இருக்கும் இடத்தில், நகரும் தொடுமுனை ஒரு நொடி விலகினாலும் மின்னழுத்தம் துள்ளும். அந்தத் துள்ளலே கரகரப்பாகக் கேட்கிறது. கன்ட்ரோல் புத்தம் புதியதாக இருந்தாலும் இது நடக்கும்.

பாட்டு வரும் கருவியின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் அதே அளவு கரகரப்பு இருந்தால், டிசி மீதான சந்தேகம் வலுக்கும். அடுத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட் அளவில் வைத்து, குமிழை நடுவில் நிறுத்தி, தரைக்கும், கன்ட்ரோலில் சிக்னல் நுழையும் காலுக்கும் (இணைப்பு முனைக்கும்) இடையே அளந்து, இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை.

அதிகமாக இருந்தால், மீட்டரை எடுக்காமலேயே குமிழை மெல்லக் குறையுங்கள். நுழையும் காலில் மின்னழுத்தம் அப்படியே நின்றால், கன்ட்ரோலுக்கு முன்னால் உள்ள கப்ளிங் கப்பாசிட்டர், அதாவது ஒலி சிக்னலை விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்பாசிட்டர், கசிகிறது. குமிழோடு சேர்ந்து அதுவும் குறைந்து சுழியத்தை எட்டினால், டிசி கன்ட்ரோலுக்குப் பின்னால் உள்ள அடுத்த பெருக்கச் சுற்றிலிருந்து தொடுமுனை வழியாக வருகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் கப்பாசிட்டரை மாற்றுபவர்கள் பல நேரங்களில் தவறான ஒன்றைக் கழற்றிவிடுகிறார்கள் என்பதால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருப்பதால், ஒரு கையை விலக்கி வைத்துக்கொண்டு, மெயின்ஸ் பகுதியைத் தொடாமல் செய்யுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் உள்ளே சில நூறு வோல்ட் இருக்கும்; பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

இரண்டாவது பதில்:
மேலே சொன்னது சரி. ஒருவேளை டிசி இல்லாமல், தடமே தேய்ந்திருந்து, மாற்றத்தான் வேண்டும் என்றால், ஓம் மதிப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வால்யூமுக்கு லாக் வகை வேண்டும்; அதில் தடத்தின் மதிப்பு தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும். சீராக ஏறும் லீனியர் வகையைப் போட்டால் குமிழின் தொடக்கத்திலேயே ஒலி குபீரென்று ஏறிவிடும். கன்ட்ரோலின் மேல் உள்ள ஏ (லாக்), பி (லீனியர்) என்ற எழுத்துகளையும் முழுதாக நம்ப முடியாது, ஏனெனில் பழைய ஐரோப்பியக் குறியீட்டில் அவை தலைகீழாக இருந்தன. குமிழை நடுவில் வைத்துத் தரைக் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே அளந்தால், மொத்த மதிப்பில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது லாக். லவுட்னஸ் (ஒலி குறைவாக இருக்கும்போது பேஸை உயர்த்திக் காட்டும்) வசதிக்காக நான்காவது கால் உள்ளதா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வலப்பக்கம் 2 மில்லிவோல்ட், இடப்பக்கம் 140. குமிழைக் குறைத்தபோதும் 140 அசையவில்லை. முன்னால் இருந்த 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டரை, பிளஸ் மைனஸ் திசையைச் சரிபார்த்து மாற்றியதும் 3 மில்லிவோல்ட்டாக இறங்கியது. கரகரப்பு நின்றுவிட்டது. வலப்பக்கத்தில் உள்ளதையும் மாற்றிவிடலாமா?

முதல் பதில் எழுதியவர்:
மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றுதான். பெட்டியும் இப்போது திறந்தே இருக்கிறது.