மங்களூர் வான்மோதல்: பொறுப்பு விமானிகளுடையதா, ஏற்பாட்டினுடையதா?

வான்நோக்கி:
2020 பிப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மங்களூர் விமான நிலையத்துக்குத் தெற்கே (கர்நாடகத்து மங்களூர் அல்ல), பயிற்சியில் இருந்த இரண்டு இரட்டை எஞ்சின் விமானங்கள் ஏறத்தாழ 4,100 அடி உயரத்தில் மோதின. நான்கு பேரும் உயிரிழந்தனர். பைப்பர் செமினோல் மேலேறிக்கொண்டிருந்தது. பீச்கிராஃப்ட் டிராவல் ஏர் இறங்கிக்கொண்டிருந்தது. கருவிவழிப் பறத்தல் விதிகளின்கீழ் (வெளிக்காட்சியை நம்பாமல் கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கான விதிகள்) பறந்த இரண்டு குடிசார் விமானங்கள் அந்நாட்டில் மோதியது அதுவே முதல்முறை. மற்ற விமானம் எங்கே இருக்கிறது என்ற தகவலை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் இரு தரப்புக்கும் கொடுத்திருந்தார். அது கட்டுப்பாடற்ற வான்வெளி. அங்கே விலகிப் பறப்பது விமானிகளின் கடமை. வானொலியில் ஒருவரையொருவர் அழைத்து உயரத்தைப் பேசி முடிவு செய்திருந்தால் விபத்தே நேர்ந்திராது என்பது என் உறுதியான கருத்து.

தென்றல்:
கடமை அவர்களுடையது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடமையைச் செய்ய அவர்கள் கையில் என்ன இருந்தது? 2017 முதல் கருவிவழி பறக்கும் ஒவ்வொரு விமானமும் தன் இருப்பிடத்தை ஏடிஎஸ்-பி கருவியால் ஒலிபரப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டு விமானங்களும் அவ்வாறே ஒலிபரப்பின. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரின் திரையில் அவை தெரிந்தன. ஆனால் அந்த ஒலிபரப்பை வாங்கிக் காட்டும் கருவி இரண்டிலுமே இல்லாததால், யாருக்கு அது உயிர்ப்பிரச்சினையோ அவர்களுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. மேகம் சூழ்ந்திருந்த வானில் கண்ணால் பார்த்து விலகும் வாய்ப்பும் மிகக் குறைவு. இதை விமானிகளின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

வான்நோக்கி:
கவனக்குறைவு என்று நான் எழுதவில்லை. கிடைத்த தகவலைக் கொண்டு செயல்பட்டிருக்கலாம் என்றுதான் எழுதினேன். விசாரணை அறிக்கையும், மோதும் அபாயத்தை அவர்கள் உணராமல் போயிருக்கலாம் என்றே சொல்கிறது.

மேகலா, பயிற்றுநர்:
ஏன் உணராமல் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுவோம். புறப்பட்ட முதல் சில நிமிடங்களில் சக்கரங்களை உள்ளிழுக்க வேண்டும். இரண்டு எஞ்சின்களின் விசையையும் சுழலிகளின் வேகத்தையும் குறைத்து ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்ய வேண்டும். அலைவரிசை மாற்ற வேண்டும். மாணவரின் கண் கருவிகளில் இருக்கும், பயிற்றுநரின் கண் மாணவரின் கைமேல் இருக்கும். அந்த நேரத்தில் காதில் விழும் ஒரு விமானத்தின் தூரத்தையும் உயரத்தையும் மனத்துக்குள் படமாக வரைந்து, சில நிமிடங்கள் கழித்து அது எங்கே இருக்கும் என்று கணக்கிடுவது எளிதன்று. திரை இருந்தால் அந்தக் கணக்கைக் கருவியே செய்துவிடும்.

வான்நோக்கி:
திரை வந்தால் தலை இன்னும் உள்ளேதான் கவிழும், அம்மா. வெளியே பார்க்கும் பழக்கமும் வாய்திறந்து அழைக்கும் பழக்கமும் தேய்ந்துபோகும்.

தென்றல்:
குரலில் எச்சரிக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தலைகுனிய வேண்டியதில்லை. 2022-இல் ஆஸ்திரேலிய அரசு, ஏடிஎஸ்-பி கருவிகளைப் பொருத்துபவர்களுக்குச் செலவில் பாதியை, 5,000 டாலர் வரை, திருப்பித் தரத் தொடங்கியது. விரும்பியவர் பொருத்தலாம் என்ற நிலை எனக்குப் போதவில்லை. பயிற்சி விமானங்களுக்காவது கட்டாயமாக்க வேண்டும்.

வான்நோக்கி:
பயிற்சி விமானங்களுக்குக் கட்டாயம் என்றால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் தகவல் வந்தவுடன் மற்ற விமானத்தை நேரடியாக அழைத்துப் பேசாமல் மேலேறக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்ல வேண்டும்.