பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்: இன்னும் மனதை விட்டு அகலாத ஒரு சம்பவம்

மஞ்சள்குமிழ்

மூன்று ஆண்டுகள் ஆகியும் என்னை விடாத ஒன்றை எழுதிவிடுகிறேன். வண்டி, சீரிஸ் 2ஏ லேண்ட் ரோவர். பின்பக்க இடது டிரம்மிலிருந்து பிரேக் ஆயில் கசிந்து டயரின் உட்புறத்தை நனைத்திருந்ததால், வீல் சிலிண்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. தரை சமமாகத்தான் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்துவிட்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். கீழே உட்காரும் முன் தம்பி கேட்டான்: "ஹேண்ட் பிரேக் போட்டாச்சா அண்ணா?" போட்டாச்சு என்றேன்.

அவன் டிரம்முக்கு எதிரே முழங்காலை மடித்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் டிரம்மின் மேல் இருந்த ஐந்து ஸ்டட்டுகளும் (சக்கர நட்டுகள் ஏறும் முளைகள்) மெதுவாகப் பின்னோக்கி நகர்வதைக் கண்டேன். தம்பிதான் கையால் சுற்றிப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் அவனுடைய இரண்டு கைகளும் மடியில் ஒரு துணியைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. யாரும் தொடாமலேயே டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கத்திய சத்தத்தில் அவன் பின்னால் சாய்ந்தான். வண்டி முன்னால் நகர்ந்து, ஜாக்கி சரிந்து, டிரம் தரையில் குத்தி நின்றது. அவன் முழங்காலுக்கும் டிரம்முக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது.

இங்குள்ளவர்களுக்குக் காரணத்தை விளக்கத் தேவையில்லை. இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. முன், பின் அச்சுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் இருக்கும் டிரம்மின் வழியாக, பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டான பின் பிரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மட்டுமே பிடிக்கிறது. அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இரு சக்கரங்களையும் வெவ்வேறாகச் சுற்றவிடுவதால், ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் தரையில் இருக்கும் சக்கரம் முன்னால் உருளும், தூக்கிய பக்கம் பின்னால் சுற்றும், நடுவில் ஷாஃப்ட் அசையாமலேயே நிற்கும். இதை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் தம்பியின் கேள்விக்குப் போட்டாச்சு என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய்யில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

செம்மண்தடம்

என்னுடையது உயிர் போகும் விஷயமில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் எம்பி ஜீப் ஒன்றை ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையில் நண்பர் ஒருவருக்கு உதவியாகப் போயிருந்தேன். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் எளிதாகக் கழன்றன. இடப்பக்கம் வந்ததும் ஒரு நட்டுகூட அசையவில்லை. துருப்பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டோம். மறுநாள் ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயைச் செருகி இருவருமாகத் தொங்கினோம். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு ஸ்டட் முறிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததையும் முறித்தோம்.

கையில் வந்து விழுந்த துண்டின் நுனியில் படிந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டியபோது, அதன் அடியிலிருந்து 'எல்' என்ற எழுத்து வெளிப்பட்டது. இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இறுகும் மரை. கழற்றுவதாக நினைத்துக்கொண்டு, இருவருடைய முழுப் பலத்தையும் போட்டு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். முன்னோக்கி ஓடும்போது நட்டு தானாகக் கழலக் கூடாது என்பதற்காகவே அந்தக் காலத்து ஜீப்பின் இடப்பக்கத்துக்கு இடது மரை கொடுத்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. எண்பது ஆண்டுகளாகத் தன் இடத்தில் உறுதியாக நின்ற ஒரு பொருளை நாங்கள் அரை மணி நேரத்தில் முறித்தோம்.

பட்டைவில்

மஞ்சள்குமிழ் அவர்களே, தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் ஹேண்ட் பிரேக்கின் மேல் குறை சொல்லும் தொனி உங்கள் பதிவில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த அமைப்பில் பிழை எதுவும் இல்லை. சேறும் தண்ணீரும் சக்கர டிரம்முக்குள் போனாலும், மேலே இருக்கும் இந்த டிரம் உலர்ந்திருக்கும். டிஃபரன்ஷியலின் பல்விகிதம் அதன் பிடியைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. உங்கள் பெயரிலேயே இருக்கும் அந்த மஞ்சள் குமிழை அழுத்தி நாலு சக்கர இயக்கத்தில் விட்டிருந்தால், முன் ஷாஃப்ட்டும் சேர்ந்து பூட்டப்பட்டு, தரையில் இருந்த இரண்டு முன்சக்கரங்களும் வண்டியைப் பிடித்திருக்கும்.

என் அனுபவம் சிறியது. பின்பக்கப் பட்டைகள் (பட்டை ஸ்பிரிங்குகள்) இரண்டையும் மாற்றினேன். ஆக்சில் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே, பட்டையின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டுகளை முழுவதும் இறுக்கிவிட்டேன். வண்டியை இறக்கியதும் பின்பக்கம் எழும்பி நின்றது. புதிய பட்டை, போகப் போகப் பழகிவிடும் என்று எண்ணினேன். ஒரு மாதம் கழித்து, அந்த போல்ட் நுழையும் ரப்பர் புஷ் ஒன்றைக் கழற்றியபோது, அதன் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து, பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

இதை முன்னிட்டுச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஷேக்கிள் போல்ட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் தள்ளி அதை அதன் எடையில் உட்கார விட்ட பிறகே முழுவதுமாக முறுக்க வேண்டும். ஏனென்றால் அந்த ரப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை, இறுக்கிய நிலையைச் சுழியமாகக் கொண்டு இருபக்கமும் முறுக்கிக்கொள்கிறது. பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, எனவே நனைத்துத் துடைத்தெடுப்பதே சரி. பிரேக் ஆயிலில் துளியளவும் எஞ்சின் ஆயில் கலக்கக் கூடாது. சிலிண்டரில் உள்ள ரப்பர் உப்பி, பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின் சீல் கசிந்தால் ஆயில் நேராக ஹேண்ட் பிரேக் லைனிங்கில்தான் இறங்கும் என்பதால், ஹேண்ட் பிரேக் நழுவுகிறது என்று கம்பியை இறுக்கிக்கொண்டே போவதற்கு முன் அந்த சீலைப் பாருங்கள். வண்டி ஓடும்போது அந்தப் பிரேக்கை இழுப்பதும் தவறு. அது நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே; ஓட்டத்தில் இழுத்தால் அந்த அதிர்ச்சி முழுவதையும் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட்டுகள்தான் வாங்கும்.

கிரீஸ்கை

பட்டைவில் அவர்களின் கடைசிப் பகுதியில் எனக்குக் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. முதல் பகுதியை மட்டும் அப்படியே விட்டுவிட முடியாது. அதை நம்பி யாரேனும் வண்டிக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தவன்.

நாலு சக்கரத்தில் போட்டுவிட்டேன் என்ற நம்பிக்கையில்தான் நானும் பின்சக்கரத்தைத் தூக்கினேன். முன்பக்கத்தில் ஃப்ரீ வீலிங் ஹப் (முன்சக்கரத்தை அதன் ஷாஃப்ட்டோடு பூட்டவும் பிரிக்கவும் உதவும் அமைப்பு) பொருத்தியிருந்ததும், இரண்டுமே திறந்த நிலையில் இருந்ததும் எனக்கு நினைவில் வரவில்லை. ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் ஹப் திறந்திருந்தால் முன்சக்கரங்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்டயரின் மேல் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலை மெதுவாகக் கீழிறங்கி டயருக்கும் தரைக்கும் நடுவில் மறைந்தது. சத்தமே இல்லை. நல்லவேளையாக எதிரே ஒரு மண்மேடு இருந்தது. வண்டி அதில் முட்டி நின்றது.

இரண்டு ஹப்பில் ஒன்றை மட்டும் பூட்டியிருந்தாலும் இதே கதைதான். முன் டிஃபரன்ஷியல் மறுபக்கத்தைச் சுற்றவிட்டு வண்டியை நகரவிடும். இரண்டும் பூட்டியிருந்தாலும்கூட, மஞ்சள் குமிழை அழுத்தியதும் பற்கள் உடனே பொருந்திவிடுவதில்லை. அழுத்தம் ஸ்பிரிங்கின் வழியாகப் போகிறது. வண்டி சற்று நகர்ந்தால்தான் பல்லோடு பல் சேரும். நின்ற இடத்தில் குமிழை அழுத்திவிட்டு இறங்கிப் போகிறவருக்கு, உள்ளே பல் சேர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கியரில் போட்டு நிறுத்துவதும் அதே பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஆகவே தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. மஞ்சள்குமிழ் அவர்கள் ஹேண்ட் பிரேக்கைக் குறை சொன்னதாகவும் எனக்குத் தெரியவில்லை.

முன்அச்சு

ஹப் பற்றிய பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். என்னுடையது டொயோட்டா எஃப்ஜே40 லேண்ட் குரூஸர். முன்பக்க இடது சக்கரத்தின் பின்னால் இருக்கும் உருண்டையின் மேல் ஓர் எண்ணெய்ப் பளபளப்பு எப்போதும் இருக்கும். பழைய வண்டி, கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் துடைத்துவிட்டு, குறைந்த ஆயிலை டிஃபரன்ஷியலில் ஊற்றிக்கொண்டே இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன்.

ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஏற்றத்தில் திருப்பும்போது 'டக், டக்' என்று கேட்டது. பிரித்துப் பார்த்தேன். கெட்டியான கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில், கூழ்போலக் கறுத்த ஒன்று விரலுக்கிடையில் வழிந்தோடியது. ஆக்சிலின் உட்பக்க சீல் எப்போதோ போயிருக்கிறது; டிஃபரன்ஷியல் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைத்து, வெளி சீலின் வழியாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. சக்கரம் திரும்பினாலும் ஓட்டத்தைக் கடத்தும் பர்ஃபீல்ட் ஜாயின்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, ஆறு குண்டுகளையும் பிடித்து நிற்கும் கூட்டில் ஓரிடத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடியிருந்தது. நான் இரண்டு ஆண்டுகளாகத் துடைத்தெறிந்தது அந்த ஜாயின்டின் உயிரைத்தான். இந்த வண்டியை எனக்குக் கொடுத்த பெரியவர் அதை முப்பது ஆண்டுகள் வைத்திருந்தவர். அவர் இப்போதும் பார்க்கும்போதெல்லாம் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். இதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கிரீஸ்கை அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹப்பை மாதக்கணக்கில் திறந்தே விட்டிருந்தால், அவ்வப்போது பூட்டிச் சில மைல்கள் ஓட்டுங்கள். உங்கள் வகை வண்டியில் உள்ளே ஷாஃப்ட் சுற்றினால்தான் ஆயில் மேலேறி, சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் மேல் ஸ்விவல் பின்னை நனைக்கும்.

செம்மண்தடம்

என் பதிவில் ஒன்று விட்டுப்போனது. இடப்பக்கம் என்றால் இடது மரை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். எத்தனையோ கைகள் மாறிய வண்டிகளில் ஹப்புகளும் இடம் மாறியிருக்கும். நாங்கள் பிறகு பார்த்த இன்னொரு வண்டியில் வலப்பக்க முன்சக்கரத்தில் இடது மரை இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி ஸ்டட்டின் நுனியைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

மஞ்சள்குமிழ்

பட்டைவில் அவர்களுக்கு: நான் பிரேக்கைக் குறை சொல்லவில்லை. அது பிடிக்க வேண்டியதை அன்றைக்கும் சரியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வண்டி சரிந்து நின்ற பிறகு அடியில் குனிந்து பார்த்தேன், ஷாஃப்ட் ஒரு நூலளவும் திரும்பியிருக்கவில்லை. கிரீஸ்கை சொன்னதைப் படித்த பிறகு என் வண்டியின் ஹப்புகளைப் போய்ப் பார்த்தேன். இரண்டும் திறந்திருந்தன. அன்றைக்கு மஞ்சள் குமிழை அழுத்தியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

தம்பி இப்போதும் என்னோடு வேலை செய்கிறான். ஆனால் அந்தக் கேள்வியை அதன்பின் அவன் கேட்டதே இல்லை. நான் ஜாக்கியை எடுக்கப் போகும்போதே, இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கச் சக்கரத்தின் முன்னும் பின்னும் வைத்து, காலால் உதைத்து இறுக்கிவிட்டு, ஒரு கையை டயரின் மேல் வைத்தபடி நான் தூக்கி முடிக்கும்வரை அங்கேயே நிற்கிறான்.